சோப்பக்காவின் கிணறு

முட்டையைத் துடைப்பதற்கு ஒரு பக்குவம் உண்டு. அழுத்தினால் உடையும், மெல்லத் தடவினால் கறை போகாது. கோழிப்பண்ணையின் பின்கூடத்தில் உட்கார்ந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து, எச்சம் காய்ந்து ஒட்டிய முட்டைகளைத் துடைத்து அட்டையில் அடுக்குவது அவள் வேலை. "வாசலைத் தாண்டிப் போற எதுலயும் அழுக்கு இருக்கக் கூடாது" என்பார் மேஸ்திரி. அந்தப் பேச்சை அவள் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். படியைத் தேய்த்தே கரைத்துவிடுவாள் என்று தெருவில் கேலி. கூப்பிடுவதே சோப்பக்கா என்றாகிவிட்டது.

அப்படித் தேய்த்து வைத்த வீட்டில் அவள் ஒருத்திதான். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கல்யாணமாகிப் போன மகள் இருப்பது பஸ்ஸில் அரை நாள் தூரத்தில். போன கோடையில் பேரன் வந்திருந்தபோது வயிற்றுப்போக்கில் துவண்டுபோய், ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும்படி ஆயிற்று. குடிக்கக் காய்ச்சிய தண்ணீர்தான் கொடுத்திருந்தாள். ஆனால் குளிக்கும்போது வாயைத் திறந்துகொண்டு சிரிக்கிற பிள்ளையை என்ன செய்வது? பண்ணையின் கழிவுக்குழி அவள் கிணற்றுக்கு நேர் பின்னால், மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. "குழாய்த் தண்ணி வரட்டும்மா, அப்புறம் கூட்டிட்டு வரேன்" என்று மகள் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து பேரன் வெறும் போன் குரல்தான்.

தெருவே சேர்ந்து நடையாய் நடந்து, ஒரு வழியாகச் சுகாதார அலுவலகம் அசைந்து கொடுத்தது. குழியை ஒட்டியிருக்கும் அவள் கிணற்றைச் சோதிப்பது, தண்ணீர் கெட்டிருந்தால் தெரு முழுக்கக் குழாய் போடுவது என்று முடிவாயிற்று. வந்த ஊழியர் வண்டியை விட்டே இறங்கவில்லை. பாட்டிலை நீட்டினார்.

"இன்னும் நாலு ஊர் போகணும்கா. காலைல நீங்களே பிடிச்சு வைங்க, வந்து வாங்கிக்கறேன்."

மறுநாள் விடிந்ததும் வாளியை இழுத்தாள். மேலே மெல்லிய படலம் மிதந்தது, கொஞ்சம் நாறியது. இதையா ஆபீசுக்குக் கொடுத்தனுப்புவது? நாலு பேர் மூக்கைப் பொத்தினால் மானம் யாருக்குப் போகும்? நோய் இருந்தால் மெஷின் கண்டுபிடித்துக்கொள்ளும், அழுக்கு நம் பொறுப்பு என்று நினைத்தாள். துணியில் வடிகட்டினாள். தளதளவென்று கொதிக்க வைத்து, ஆறவிட்டு, பாட்டிலில் ஊற்றினாள். பாட்டிலையும் ஒருமுறை துடைத்துத்தான் கொடுத்தாள்.

சோதனை முடிவு வந்த அன்று பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டாள். வழக்கமாக உள்ளே வந்து உட்காருகிறவள்.

"உன் கிணத்துத் தண்ணி தங்கமாம். குழாய் கிடையாதுன்னுட்டாங்க. எங்க வயிறுதான் பொய் சொல்லுது போல."

அப்போதுதான் அவளுக்குச் சுரீரென்று உறைத்தது. வேலைக்கு லீவு போட்டுவிட்டு அலுவலகத்துக்கு ஓடினாள்.

"ஐயா, அது நான் காய்ச்சிக் குடுத்த தண்ணி."

அதிகாரி நிமிர்ந்தார். "காய்ச்சினா கிருமி செத்துடும்மா. எதுக்குக் காய்ச்சினீங்க?"

"அழுக்கா குடுக்கக் கூடாதேன்னு."

"எங்க ஆளு எடுத்த தண்ணின்னுதான் பதிவாகியிருக்கு. நீங்க சொல்றதை நான் எழுதினா அவர் வேலை போயிடும்."

"அவரை ஒண்ணும் பண்ண வேணாங்க. இன்னொரு தடவை எடுத்துப் பாருங்களேன்."

"கெட்டதுன்னு வந்தாத்தாம்மா மறுசோதனை. நல்லதுன்னு வந்த கிணத்துக்குக் கிடையாது."

சாயங்காலம் போன் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி முந்திக்கொண்டு மகளிடம் சொல்லியிருந்தாள்.

"என்னம்மா, தண்ணி நல்லாயிருக்காமே. ஞாயித்துக்கிழமை வரோம். இவன் இப்பவே பையைத் தூக்கி வெச்சுக்கிட்டு அலையறான்."

பின்னால் பேரன் கத்துவது கேட்டது. ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தால் போதும், வந்துவிடுவார்கள். வரட்டுமே என்று ஆசைப்பட்டாள், அப்படி ஆசைப்பட்டதற்கு வெட்கப்பட்டாள்.

"வேணாம்மா" என்றாள். நடந்ததைச் சொன்னாள்.

மகள் திட்டியிருந்தாலாவது தேவலை. பையைக் கீழே வைடா என்று பேரனிடம் சொல்வது கேட்டது. பிறகு, "சரிம்மா, உடம்பைப் பாத்துக்கோ" என்று வைத்துவிட்டாள். சோப்பக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு, வெறும் தரையில் உட்கார்ந்து அழுதாள். கேட்பதற்கு ஆள் இல்லை என்பதால் சத்தமாகவே அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஆள் சத்தம் கேட்டு ஓடி வந்தாள். பச்சை பெயின்ட் டப்பாவோடு ஒருவர் நின்றிருந்தார். கிணற்றுச் சுவரில் எழுதச் சொல்லி அலுவலகம் அனுப்பியிருந்தது. பென்சிலில் கோடு போட்டு, ஒவ்வோர் எழுத்தாக நிதானமாக எழுதினார். 'குடிக்க உகந்த' வரைக்கும் வந்ததும், வெயில் தாங்காமல் வாளியை விட்டு இழுத்து ஒரு வாய் கவிழ்த்துக்கொண்டார்.

"துப்புங்க! முழுங்கிடாதீங்க!"

அவர் துப்பினார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், பேரனைப் பற்றியும். அவர் நாக்கைச் சட்டை நுனியால் வழித்துத் துடைத்துக்கொண்டார்.

"புள்ளகுட்டிக்காரன்கா நான். நல்லவேளை சொன்னீங்க."

வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டினார். சுவரில் பாதியில் நின்ற எழுத்தைப் பார்த்தார்.

"அரைகுறையா விட்டுட்டுப் போனா கூலி தர மாட்டாங்கக்கா" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பிறகு இன்னொருமுறை காறித் துப்பிவிட்டு, பிரஷ்ஷைப் பச்சையில் தோய்த்து, மிச்சமிருந்த 'நீர்' என்பதையும் எழுதினார்.