சாம்பல் நிறத்தில் ஒரு மரியாதை

"குரங்குத்தின்னிகளின் மாமன்னருக்கு" என்று லேமெக் ஜெரே தட்டச்சு செய்து முடித்த அடுத்த நொடி, அந்த வரி அவன் கண்ணெதிரே கரைந்து, "மதிப்பிற்குரிய முனைவர் கபெம்ப்வா அவர்களுக்கு, தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்" என்று மாறி உட்கார்ந்துகொண்டது. லேமெக் அதை அழித்தான். மறுபடி குரங்கை அடித்தான். மறுபடி மதிப்பு வந்தது. விடுதி அறையின் மறுகட்டிலில் படுத்திருந்த மூனோ தலையைத் தூக்கி, "யாரைடா திட்டுற?" என்றான். "என் பேராசிரியரைத்தான் திட்டப் பாக்குறேன். விட மாட்டேங்குது" என்றான் லேமெக்.

பல்கலைக்கழக மின்னஞ்சலில் இந்த நோய் இந்தக் கல்விப் பருவத்தில்தான் வந்தது. முன்பெல்லாம் வாக்கியத்தின் வாலை மட்டும் சாம்பல் நிறத்தில் காட்டி, வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும். இப்போது முழு வரியையும் தூக்கிவிட்டு, மரியாதையான வேறொரு வரியைச் சாம்பல் நிறத்தில் நீட்டியது. டேப் பொத்தானைத் தொட்டால் சாம்பல் கறுப்பாகிவிடும். தொடாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் லேமெக்கின் பழைய மடிக்கணினியில் டேப் பொத்தானை யாரும் தொட வேண்டிய அவசியமே இல்லை. மூனோ ஒருநாள் அதன்மேல் மாஹேயு சோளக்கஞ்சியைக் கொட்டியதிலிருந்து, பக்கத்து எழுத்தை அமுக்கினாலே அதுவும் சேர்ந்து உள்ளே போய், ஆற அமரத்தான் வெளியே வந்தது. உலகத்தில் யார் என்ன மரியாதையை நீட்டினாலும் சரி என்று ஒப்புக்கொள்ளும் பொத்தான் அது.

மற்றவர்களுக்கு இதனால் நஷ்டமில்லை. துறைத்தலைவருக்கு எழுதினால் நல்ல பெயர்கூடக் கிடைத்தது. டாக்டர் கபெம்ப்வாவின் கதை வேறு. அவர் பெம்பா இனம், லேமெக் ங்கோனி இனம். ஒரு காலத்தில் இந்த இரண்டு கூட்டமும் ஈட்டியால் பேசிக்கொண்டவை. கை சலித்துப்போய், இனி வாயாலேயே குத்திக்கொள்ளலாம் என்று முடிவானபின் சிம்புயா முறை வந்தது. மச்சான் முறை மாதிரிதான். பார்த்த இடத்தில் கேலி செய்யலாம், செய்தே ஆகவேண்டும். பெம்பாக்காரர்கள் குரங்கு தின்பவர்கள், ங்கோனிக்காரர்கள் எலி தின்பவர்கள். இதில் கோபித்துக்கொள்ள யாருக்கும் உரிமையில்லை. சிம்புயாவிடம் ஒருவன் மரியாதையாகப் பேசினால்தான் கலவரப்பட வேண்டும். உறவு வேண்டாம் என்று சொல்ல அதைவிடச் சுத்தமான வழி கிடையாது.

முதல் வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும்போதே டாக்டர் நிறுத்தினார். எந்த மாணவனின் முகத்தையும் பார்த்துப் பேசாத மனிதர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஜெரேயா? அதான் உள்ள வரும்போதே எலி சுட்ட வாசனை வந்துச்சு" என்றார். வகுப்பு உறைந்துவிட்டது. லேமெக் எழுந்து, "சார், வால் கதவுல மாட்டிக்கப் போகுது, பாத்து உக்காருங்க" என்றான். டாக்டர் சிரிக்கவில்லை. அடுத்த பெயரைப் படித்தார். ஆனால் அன்றிலிருந்து ஆய்வேட்டின் ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு வசவோடு போய் ஒரு வசவோடு திரும்பியது. "இதை எலி கடித்திருந்தால் இன்னும் தெளிவாக இருந்திருக்கும்" என்று அவர் எழுதினால் அத்தியாயம் தேறிவிட்டது என்று பொருள். அப்பா இல்லாத வீட்டிலிருந்து சிப்பாட்டா ஊர்ப் பேருந்தில் தலைநகர் லுசாக்காவுக்கு வந்து இறங்கியவனுக்கு, இந்த நகரத்தில் தன்னை எலித்தின்னி என்று அழைக்க ஒரு மனிதர் இருக்கிறார் என்பது சாப்பாட்டுச் சீட்டைவிடப் பெரிய ஆறுதல்.

இப்போது இந்த எந்திரம் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவசரத்தில் பார்க்காமல் அனுப்பிய இரண்டு கடிதங்கள் மரியாதையாகவே போய்விட்டன. முதலாவதற்கு, "உடம்பு சரியில்லையா?" என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு, "சரி." அந்தச் சரிக்குப் பின்னால் ஒரு புள்ளி இருந்தது. லேமெக் அந்தப் புள்ளியை வெகுநேரம் பார்த்தான்.

எந்திரத்தை அணைக்க முயன்றான். அமைப்புகளுக்குள் போய், எழுத்துப் பரிந்துரை என்ற வரியைத் தேடி, 'வேண்டாம்' என்ற வட்டத்தைக் குத்திவிட்டுப் பெருமூச்சோடு வெளியே வந்தான். மறுநாள் எந்திரம் ஊருக்குப் போய் வந்த மாமியாரைப்போலப் புதுத் தெம்போடு காத்திருந்தது. மறுபடி குத்தினான். மறுபடி வந்தது. கணினி உதவி மையத்துக்கே நடந்துபோனான். அங்கே நகத்துக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்த அக்கா, "அது உங்க நல்லதுக்குத்தானே தம்பி? எல்லாரும் நல்லாருக்குன்றாங்க" என்றாள்.

"எனக்கு நல்லா எழுதத் தெரியும்க்கா. கெட்டதா எழுதணும். அதுக்குத்தான் விட மாட்டேங்குது."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்து, "குறையை மின்னஞ்சல்ல அனுப்புங்க" என்றாள். அனுப்பினான். "நாசமாப் போற இந்த எந்திரத்தை அணைங்க" என்று அவன் எழுதியது, "தங்கள் சிறப்பான சேவைக்கு நன்றி" என்று போய்ச் சேர்ந்தது. தங்கள் பாராட்டுக்கு மகிழ்கிறோம் என்று பதிலும் வந்தது.

வியாழக்கிழமை துறை அறிவிப்புப் பலகையில் டாக்டரின் அம்மா இறந்துவிட்ட செய்தி ஒட்டியிருந்தது. பனா முசோண்டா, அதாவது முசோண்டாவின் அம்மா. டாக்டருக்கு முசோண்டா என்று ஒரு பெயர் உண்டு என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. லேமெக்குக்கு முன்பே தெரியும். அந்த அம்மாவை அவன் நேரில் பார்த்ததில்லை, குரலைத்தான் தெரியும். ஆய்வேட்டைப் பற்றிப் பேச அவன் டாக்டர் அறையில் உட்காரும்போதெல்லாம் அவள் போன் செய்வாள். அவள் பெயர் திரையில் வந்ததும் டாக்டர் எழுந்து நின்று, வெளியே வந்திருக்கும் சட்டையைக் காற்சட்டைக்குள் செருகிக்கொண்டு, அதற்கப்புறம்தான் எடுப்பார். போனில் காதுப்பகுதி கெட்டுப்போயிருந்ததால் ஒலிபெருக்கியில்தான் பேசியாக வேண்டும். "முசோண்டா, சாப்டியா? அந்த எலிப்பய அங்கதான் உக்காந்திருக்கானா? இருந்தா சொல்லு, என் வீட்டுப் பரண்ல நாலு எலி ஓடுது, சாக்கு எடுத்துட்டு வரட்டும்." வருவேன் என்று லேமெக் ஒவ்வொரு தடவையும் சொன்னான். போகவில்லை.

பெம்பா வீட்டில் சாவு விழுந்தால் ங்கோனிக்காரனுக்கு வேலை இருக்கிறது. குழி வெட்டும் இடத்தில் குறுக்கே நின்று காசு கேட்பான், செத்தவரைப்போல் நடந்து காட்டுவான், அழுகிறவர்களைத் திட்டுவான். அவன் வந்தால்தான் துக்கவீட்டில் மூச்சு விட முடியும். டாக்டர் மாணவர்களுக்குப் போன் எண் கொடுப்பவர் அல்ல, மின்னஞ்சல் மட்டும்தான். லேமெக் உட்கார்ந்து எழுதினான்: "பனா முசோண்டா போயிட்டாங்களாம். காட்டுல குரங்குங்க இன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கும். அவங்க சட்டி எனக்குத்தான், கழுவி வைங்க. சனிக்கிழமை சாக்கோட வர்றேன். நான் வர்றதுக்குள்ள யாராவது அழுதா அபராதம்." எழுதும்போது அவனுக்கே மூக்கு அடைத்தது. மின்வெட்டு நேரம் நெருங்கிவிட்டது. மடிக்கணினியின் மின்கலம் எப்போதோ செத்துப்போனது, கரண்ட் போனால் எல்லாம் போகும். கடைசி வரியை அடித்ததும், திரையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே அனுப்பு பொத்தானை அழுத்தினான். போய்விட்டது என்று திரை சொன்னது. போனது என்ன என்பதையும் காட்டியது.

"தங்கள் தாயாரின் மறைவுச் செய்தி அறிந்து மிகுந்த வேதனையடைந்தேன். இக்கடினமான காலத்தில் தங்கள் குடும்பத்தின் தனிமையை மதிக்கிறேன். என் ஆழ்ந்த இரங்கல்கள்."

அதோடு கரண்ட் போனது.

கரண்ட் திரும்பியபோது பதில் காத்திருந்தது. "நன்றி, திரு. ஜெரே."

"திருன்னு போட்டிருக்காரே, மரியாதைதானடா?" என்றான் மூனோ. அவன் தெற்கத்தி டோங்கா இனத்துக்காரன், மாடுகளோடு வளர்ந்தவன்.

"வாயை மூடு மாட்டுக்காரா. என்னை வீட்டை விட்டு வெளிய தள்ளிட்டாருடா."

மூனோ எழுந்து வந்து, அமைப்புகளைத் திறந்து, 'வேண்டாம்' என்ற வட்டத்தைக் குத்தி, பக்கத்தைக் கீழே உருட்டினான். கீழே, இன்னும் கீழே, விடுமுறைச் செய்தி, கையெழுத்து, இன்னும் யாருக்கும் தேவைப்படாத என்னென்னவோ கடந்து, அடிமட்டத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. 'மாற்றங்களைச் சேமி.'

"இதை அமுக்கினியா?"

லேமெக் அந்தப் பொத்தானை இப்போதுதான் பார்த்தான்.

"எத்தனை தடவை அணைச்ச?"

"உன் கஞ்சியாலதான் எல்லாம்" என்றான் லேமெக்.

மூனோ அமுக்கினான். எந்திரம் அடங்கியது. புதுக் கடிதம் திறந்தபோது பக்கம் வெள்ளையாக, ஒரு சொல்லும் நீட்டாமல் கிடந்தது. இத்தனை நாள் கேட்டது இதைத்தான். லேமெக் 'கு' என்று அடித்துவிட்டு நிறுத்தினான். இரங்கல் சொல்லிக் கைகழுவிவிட்டு, பின்னாலேயே குரங்கு என்று எழுதினால் அது முறை ஆகாது, திமிர் ஆகிவிடும். எந்திரம் செய்தது என்று சொன்னால், அம்மா சாவுக்கும் எந்திரத்தை விட்டு எழுதினாயா என்று கேட்பார். அழித்தான்.

சனிக்கிழமை மத்தியானம், அறிவிப்பில் போட்டிருந்த மட்டேரோ பகுதிக்கு மினிபஸ்ஸில் போய் இறங்கினான். கையில் ஒரு காலிச் சாக்கு. துக்கவீட்டு முற்றத்தில் ஆண்கள் செங்கல்மீதும் மரக்கட்டைமீதும் உட்கார்ந்து கரியடுப்பைச் சுற்றிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள். உள்ளே பெண்களின் பாட்டு எழுந்து எழுந்து அமர்ந்தது. ஷீமா என்ற சோளக்களியைக் கிளறும் பெரிய பானைக்குப் பக்கத்தில் துடுப்பு சும்மா சாய்ந்திருந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பெரியவர்களுக்கு மட்டும் ஓரமாக, வாடகைக்கு எடுத்த வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தன.

டாக்டர் செங்கல்லில் இருந்து எழுந்து வந்தார். சவரம் செய்யாத முகம், சட்டை பாதி வெளியே. லேமெக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வந்ததுக்கு நன்றி, மிஸ்டர் ஜெரே. பிஸியா இருப்பீங்க." பிறகு தானே போய் ஒரு வெள்ளை நாற்காலியைத் தூக்கிவந்து, தூசியைத் தட்டி, துறைத்தலைவருக்குப் பக்கத்தில் போட்டார். "உக்காருங்க."

"சார், அந்த மெயில்..."

"நல்லா எழுதியிருந்தீங்க" என்றார் டாக்டர். திரும்பிப்போய்ச் செங்கல்லில் உட்கார்ந்தார்.

துறைத்தலைவர் லேமெக்கைப் பார்த்து, நல்ல பண்பான பையன் என்பதுபோல் தலையசைத்தார். லேமெக் உட்கார்ந்தான். நாற்காலி வழவழவென்று இருந்தது. கரியடுப்பின் சூடு இவ்வளவு தூரம் எட்டவில்லை. அங்கே ஒருவன் எதற்கோ கண்ணைத் துடைத்துக்கொண்டான், திட்ட ஆளில்லை. யாராவது வந்து இந்த இறுக்கத்தைக் கலைத்துவிட்டால் தேவலை என்பதுபோல் எல்லோரும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துறைத்தலைவர் அவன் பக்கம் சாய்ந்து, "இந்த மாதிரி நேரத்துல அமைதிதான் பெரிய மரியாதை, இல்ல?" என்றார்.

லேமெக் எழுந்தான். நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது. சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு அடுப்புவரை நடந்து, யாரும் உட்காராத உடைந்த செங்கல் துண்டு ஒன்றைக் குனிந்து எடுத்தான். ஒருவர் "ஏய்" என்றார். அவன் அந்தச் செங்கலைக் காதில் வைத்துக்கொண்டான். கூனிக்கொண்டான். தொண்டையைச் செருமி, இரண்டு தெருவுக்குக் கேட்கும்படி, நேரில் பார்த்தேயிராத அந்தக் கிழவியின் கரகரத்த குரலில் கத்தினான்.

"முசோண்டா! சாப்டியா? அந்த எலிப்பய அங்கதான் உக்காந்திருக்கானா? அவனுக்கு எதுக்குடா நாற்காலி?"

உள்ளே பாட்டு அறுந்துபோனது. வாசலில் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். கரியடுப்பில் ஒரு துண்டு வெடித்து அடங்கியது. லேமெக் செங்கலைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அதன் பொடி கழுத்துக்குள் உதிர்ந்தது. டாக்டர் கபெம்ப்வா அவனைப் பார்க்கவில்லை, செங்கலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், யாரோ தோளைத் தொட்டு எழுப்பியதுபோல் மெதுவாக எழுந்து நின்று, வெளியே கிடந்த சட்டையை இரண்டு கையாலும் காற்சட்டைக்குள் செருகிக்கொள்ள ஆரம்பித்தார்.