பயத்தில் ஓடும் படகு

முத்துலிங்கத்தின் படகை ஓட்டுவது அவருடைய மனைவி துஷ்யந்தியின் நெஞ்சுதான். டீசல் எஞ்சினைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டு இரண்டு வருடமாகிறது. ஹெந்தளை ஆற்றங்கரையில் பக்கத்தில் படகைக் கட்டிவைக்கிறவர்களுக்கும் முகத்துவாரத்து மீனவர்களுக்கும் இது தெரியும். இப்போதெல்லாம் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அவர்கள் குடியிருக்கும் வெள்ளவத்தையிலேயே துஷ்யந்தியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைப் பார்க்க முடியாது. தொலைபேசி அடித்தால் யாருக்கு என்னவோ என்று கையைப் பிசைவாள், அடிக்காவிட்டாலும் பிசைவாள். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் ஆட்டோவைத் திருப்பச் சொல்வாள். பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கிற அளவுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். முப்பது வருடமாக அதற்குக் கணவர் கொடுத்துவந்த மருந்து ஒன்றுதான்: "பயப்படாதையும்." கோட்டாஞ்சேனைக் கடையை விற்று ஓய்ந்த கையோடு அவர் வாங்கிய படகில் அவள் காலே வைக்கவில்லை. எஞ்சின் நின்றுபோன அந்த ஞாயிற்றுக்கிழமையும் ஹெந்தளைக் கரையில் உட்கார்ந்து பார்க்கத்தான் வந்தாள். வந்த இடத்தில், ஆறாம் மாடி வீட்டின் பல்கனிக் கதவைச் சாத்தினோமா என்ற சந்தேகம் பிடித்துக்கொண்டது. படகில் போனால் கடலில் இருந்தே பார்த்துவிடலாம் என்று மகள் ரஜனி கேலியாகச் சொல்ல, துஷ்யந்தி அதை நிஜமாக எடுத்துக்கொண்டு ஏறிவிட்டாள்.

வெள்ளவத்தைக்கு நேரே போய்ப் பார்த்தபோது கதவு சாத்தித்தான் இருந்தது. திரும்பும்போது அவள் வாய்க்குள் ஏதோ பாட்டுக்கூட முணுமுணுத்தாள். கொழும்புத் துறைமுக வாசலுக்கு நேரே வரும்போது எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

பேலியகொடையில் எஞ்சின் திருத்தும் ஹுசைனை முத்துலிங்கம் தொலைபேசியில் பிடித்தார். "டீசல்ல தண்ணி கலந்திருக்கும் அண்ணன். பில்டரக் கழட்டி ஊத்திட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. நான் ஒரு போட் புடிச்சிட்டு வாறன்." பில்டரில் தண்ணீர் இருந்தது. ஊற்றினார், மாட்டினார், மறுபடி மறுபடி முடுக்கினார். கடைசியில் பற்றரியும் செத்தது. நீரோட்டம் படகைக் கப்பல் பாதைக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. துறைமுகத்துக்குள் இருந்து ஒரு கொள்கலன் கப்பல் வெளியே வந்துகொண்டிருந்தது. முத்துலிங்கம், மகளைக் கூட்டிவந்து இப்படி நிறுத்திவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

"என்னப்பா, கேஸை மூடினனானோ?" என்றாள் துஷ்யந்தி.

படகு நகர்ந்தது. ரஜனி தாயின் முதுகில் கை வைத்தாள். எஞ்சின் ஓடும்போது பலகையில் தெரியும் அதே அதிர்வு அங்கே தெரிந்தது. பின்னால் ப்ரொப்பெல்லர் சுழன்றுகொண்டிருந்தது. "பயப்படாதையும், நான் மூடினனான்" என்று முத்துலிங்கம் பழக்கதோஷத்தில் சொல்ல, நெஞ்சு அடங்கியது. படகும் நின்றது.

"அப்பா, வாயை மூடுங்கோ! அம்மா பயப்படட்டும்!"

பிறகு இரண்டு பேருமாக அவளைப் பயமுறுத்தினார்கள். இஸ்திரிப்பெட்டி, தண்ணீர்க் குழாய், கனடாவில் இருந்து இன்னும் பேசாத தங்கை. ஒவ்வொன்றுக்கும் படகு கொஞ்சம் போய் நின்றது. அவையெல்லாம் அவள் ஏற்கெனவே பல தடவை பயந்து தேய்ந்துபோனவை. கப்பல் ஊதியது. அதன் முகப்பு ஒரு மாடிக்கட்டடம் போலக் கிட்ட வந்திருந்தது.

"அம்மா, கப்பலைப் பாருங்கோ!"

துஷ்யந்தி பார்த்தாள். "அதுதான் வந்திட்டுதே. வந்ததுக்குப் பயந்து என்ன செய்யிறது?" என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, மகளின் உயிர்காப்பு அங்கியை இழுத்துக் கட்டினாள். நெஞ்சு கோயில் குளம் மாதிரி அமைதியாக இருந்தது. அவளுடைய பயமெல்லாம் வரப்போவதற்குத்தான். வந்துவிட்ட எதற்கும் அவள் ஒருநாளும் பயந்ததில்லை என்பது முத்துலிங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "துஷி, ஒண்டு மறைச்சிட்டன். என்ர வயித்தில ஒரு கட்டி இருக்காம். சதை எடுத்துச் சோதிக்கக் குடுத்திருக்கு. வெள்ளிக்கிழமைதான் ரிசல்ட்."

படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. கப்பல் பின்னால் கடந்துபோக, அதன் அலை மூன்று பேரையும் நனைத்தது. ஆற்றுவாய்க்குள் நுழைந்தும் வேகம் குறையவில்லை. ஹெந்தளைக் கரையில் ஹுசைன் அப்போதுதான் கயிறும் கையுமாக வேறொரு படகில் ஏறிக்கொண்டிருந்தார்.

கரையில் இறங்கியதும் துஷ்யந்தி கணவரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"நீர் பயப்படுவீர் எண்டுதான்."

"உங்களுக்கு நான் பயப்படாமல் வேற ஆர் பயப்படுறது?" என்று கேட்டுவிட்டு அவள் ஓவென்று அழுதாள். முத்துலிங்கமும் அழுதார்.

வெள்ளிக்கிழமை வந்தது. கட்டி கெட்டதில்லை என்றார் டொக்டர். ஆனாலும் அவ்வப்போது வந்து காட்டச் சொன்னார். ஹுசைன் எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இனி இது எதற்கு அண்ணன் என்று தானே பழைய இரும்புக்குக் கொண்டுபோனார்.

ஞாயிறுகளில் கணவனும் மனைவியுமாகப் படகில் போகிறார்கள். புறப்படும்போது பல்கனிக் கதவை யாரும் சரிபார்ப்பதில்லை. வெள்ளவத்தை வரை படகு போவதற்கு அந்தச் சந்தேகம் போதும். திரும்பி வருவதற்கு முத்துலிங்கம் தன் பயங்களில் ஒன்றை எடுத்துச் சொல்வார். முப்பது வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தவை இன்னும் நிறைய இருக்கின்றன.