ஜன்னலுக்கு வெளியே நின்று படித்தது

எங்கள் ஊரில் ஒரு வீட்டு வேலையை ஒருவருக்கு மூன்று தடவை செய்து காட்டினால், அந்த வேலை அவர் கைக்குப் போய்விடும். காட்டியவர் கையில் இருக்காது. இரண்டு தடவையோடு நிறுத்திக்கொண்டால் பார்த்தவருக்குப் பாதி வரும், காட்டியவருக்கு முழுதாக நிற்கும். அதனால்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வெளியூரில் பாதி வெந்த சோற்றைத் தின்றுகொண்டு, ஒரு பக்கம் மட்டும் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். பார்த்தவுடனே தெரிந்துவிடும், இது தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை, தாய்க்காரி கொஞ்சம் அழுத்தக்காரி என்று.

என் மகள் ஜெமிலாவுக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்கு பஸ், திங்கள் காலையில் வேலையில் சேர வேண்டும். கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. அடுப்படிக்குப் போவேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் வாசலுக்கு வருவேன். வாசலில் ஒன்றும் இருக்காது. மறுபடி அடுப்படி.

என் வீட்டுக்காரர் தனசிங் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலை செய்கிறார். நாற்பது நாளைக்கு ஒரு முறை வருவார். எங்கள் மூத்தவன் மஸ்கட்டுக்குப் போகும்போது அவனுக்கு இடுப்பில் சாரம் கட்டச் சொல்லிக்கொடுத்தார். எத்தனையாவது தடவை என்று எண்ணாமல் காட்டித் தொலைத்துவிட்டார். இப்போது சாரத்துக்கு மேல் பெல்ட் போட்டுக்கொண்டுதான் தோணியில் நிற்கிறார். புதன்கிழமை போனில் கூப்பிட்டு, "எஸ்தரு, எண்ணி எண்ணிக் காட்டு. எல்லாத்தையும் வாரிக் குடுத்துட்டு உக்காந்துராத," என்றார். இவர் எனக்குப் புத்தி சொல்கிறார்.

சோறு வடிப்பதை மனசறிந்துதான் மூன்று தடவை காட்டினேன். பிள்ளை பசியோடு கிடக்கக் கூடாது. அன்று ராத்திரிச் சோற்றுக்குப் பானையைத் தூக்கியபோது எந்தப் பக்கம் சாய்ப்பது என்று தெரியவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெமிலா வாங்கி வடித்தாள். பருக்கை பருக்கையாக நல்ல சோறு. எனக்கு எரிச்சலாக வந்தது.

வியாழக்கிழமை காஸ் சிலிண்டர் மாற்றுவதும், சட்டைக் காலர் துவைப்பதும், சாக்கடைத் துவாரத்தில் அடைத்த முடியை எடுப்பதும் போயின. முடி எடுப்பது போனதில் எனக்கு வருத்தமில்லை. மீன் வெட்டுவதை மட்டும் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். அவளுக்குச் செதில் எடுக்க வரும், குடல் எடுக்க வராது. ஓசூரில் என்ன பெரிய மீன் கிடைக்கப் போகிறது.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். வீட்டில் தனியாக இருப்பது.

அது அவளிடம் ஒரு துளிகூடக் கிடையாது. நான் ரேஷன் கடைக்குப் போனால்கூட வாசல்படியில் வந்து உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஓசூரில் அவளுக்குக் கிடைத்திருப்பது மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. எனக்கோ அது பத்தொன்பது வருஷம் பழகிய கை. தோணிக்காரன் பெண்டாட்டிக்கு அது இல்லாமல் முடியுமா? இவளும் போன பிறகு இந்த வீட்டில் நான் ஒருத்திதான். எதைக் கொடுத்தாலும் இதைக் கொடுக்கக் கூடாது, இரண்டே தடவை, அவளுக்குப் பாதி போதும் என்று கர்த்தர் மேல் ஆணையாக முடிவு செய்திருந்தேன்.

பக்கத்தில் ஆள் இருந்தால் தனியாக இருந்து காட்ட முடியாது. அதனால் அவளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஃபேனைப் பார்த்தேன். எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடினேன். வெள்ளரிக்காய் நறுக்கி உப்புப் போட்டுத் தின்றேன். "ஆமாமா," என்று பொதுவாகச் சொன்னேன். சாயங்காலம் ஆகிவிட்டது. அது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலையில் இரண்டாவது தடவை.

முடித்துக் கதவைத் திறந்தால் அவள் உள்ளே வரவில்லை. சுவரோரம் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

"நீங்க போங்கம்மா. நான் கொஞ்சம் இப்படியே இருக்கேன்."

நான் உள்ளே போனேன். நாற்காலியில் உட்கார முடியவில்லை. யாரோ எழுந்திரு எழுந்திரு என்று முதுகில் தட்டுவது போல இருந்தது. ஃபிரிட்ஜைத் திறக்கப் பயமாக இருந்தது. வெளியே ஓடிவந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

"ஏட்டி, இதுக்கு முன்னால எப்பவாச்சும் பாத்தியா?"

"ஆறாப்பு படிக்கும்போது. வயித்துவலின்னு ஸ்கூல்ல இருந்து சீக்கிரம் வந்தேன். ஜன்னல்ல எட்டிப் பாத்தா நீங்க தனியா இருந்தீங்க. கூப்பிட மனசு வரல."

"எம்புட்டு நேரம் பாத்த?"

"முழுசா."

"அடிப்பாவி! இத முன்னாலயே சொல்லித் தொலைச்சா என்ன?"

"நீங்க கேக்கலையேம்மா."

நாசமாப் போவ என்று வாய் வரை வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டேன். அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. தானே திருப்பித் தருவதாகச் சொன்னாள். இன்று சாயங்காலம் ஒரு தடவை, நாளைக் காலை ஆலயத்துக்குப் போய்வந்து ஒரு தடவை, பஸ்ஸுக்கு முன்னால் ஒரு தடவை. நான் ஜன்னலுக்கு வெளியே நிற்க வேண்டும்.

நின்றேன். அவள் உள்ளே உட்கார்ந்தாள். என்னைப் போல ஃபேனைப் பார்க்கவில்லை. கால் நகத்துக்குப் பாலிஷ் போட்டாள். எதையோ நினைத்துத் தானாகச் சிரித்தாள். தலையணையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா இருந்தாள். என் கையில் இருந்ததைவிட அவள் கையில் அது நன்றாக இருந்தது. பொறாமைப்பட்டேன், அதைச் சொல்வதில் என்ன வெட்கம்.

ஞாயிறு காலை இரண்டாவது தடவை முடிந்தபோது எனக்குப் பாதி வந்திருந்தது. அதாவது அறைக்குள் தனியாக இருக்கலாம், கதவைச் சாத்த முடியாது.

பன்னிரண்டரை மணிக்கு மூன்றாவது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். எனக்கு அந்த மூன்றாவது மாடி அறை கண்ணுக்குத் தெரிந்தது. சாயங்காலம் ஆறு மணி, ஒரு பல்பு, கட்டிலின் விளிம்பில் இவள், பேச ஆளில்லாமல், படியில் யாராவது ஏறி வருகிறார்களா என்று காது கொடுத்துக்கொண்டு. எனக்குத் தாங்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அவள் எழுந்து வந்து கூப்பிடும் வரை திறக்கவில்லை.

"வந்துச்சாம்மா?"

"வந்துச்சு, வந்துச்சு. பெட்டிய எடு. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பஸ்ஸில் நல்ல கூட்டம். ஜெமிலா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் இருந்த ஒரு பெண்மணி எழுந்து, பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பின் சீட்டில் இருந்த புதுமணத் தம்பதி இறங்கினார்கள். பிறகு ஒவ்வொருவராக, யாரும் முகம் சுளிக்காமல், மேலே வைத்த மூட்டைகளையும் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். கண்டக்டர் அவளுடைய டிக்கெட்டைப் பார்த்துவிட்டு இறங்கினார். டிரைவர் எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியில் ஒரு முறை பார்த்து, இறங்கி, கதவை வெளியிலிருந்து சாத்தினார். பஸ் இரண்டு முறை ஹாரன் அடித்துப் புறப்பட்டது. ஜெமிலா கை காட்டினாள். நானும் காட்டினேன். எனக்கு அழுகை வந்தது, நின்று அழுதேன்.

வீட்டுக்குத் திரும்பி நடந்தபோது அத்தனை பேரும் பெட்டி படுக்கையோடு என் பின்னால் வந்தார்கள். கதவைத் திறந்து, திறந்தபடியே விட்டேன். கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பெரியவர் ஒருவர் மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்து, "மதுரை வந்தா எழுப்பி விடும்மா," என்றார். டிரைவர் முன்பக்க ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். கண்டக்டர் எல்லாரும் உட்கார்ந்தாகிவிட்டதா என்று அடுப்படி வரை போய்ப் பார்த்துவிட்டு விசில் ஊதினார். வீடு மெதுவாகப் பின்னால் நகர்ந்து, தெருமுனையில் திரும்பி, மெயின் ரோட்டில் ஏறியது.

புறவழிச்சாலைக்கு வந்ததும், முன்னால் அந்தப் பஸ்ஸின் பின்பக்கம் தெரிந்தது. டிரைவர் முந்தப் பார்த்தார்.

"வேண்டாம்ண்ணே," என்றேன். "அவ கண்ணுல படாம, கொஞ்சம் தள்ளியே போங்க."