அக்கா மாற்றி வாசித்த நாவல்

அக்காவும் தங்கையும் சேர்ந்து நடத்திய துணி ஆல்டரேஷன் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. தங்கை மிஷினை மிதிப்பாள். அக்கா கல்லாவில் உட்கார்ந்து நாவல் வாசிப்பாள். மிஷின் ஓடினால் வாய் திறக்கும், மிஷின் நின்றால் வாய் மூடும். பேன்ட் ஓரம் மடிக்க வந்தவர்கள்கூட, "அப்புறம் அந்தப் பொண்ணு என்ன ஆனா?" என்று கேட்டுக்கொண்டு நிற்பதுண்டு. தங்கைக்குக் காதலும் கொலையும் கலந்திருக்க வேண்டும். வெறும் காதல் சப்பென்று இருக்கும், வெறும் கொலை வயிற்றைக் கலக்கும் என்பாள்.

ஆசை அப்படி, ஆள் பயந்தாங்கொள்ளி. ஒருமுறை அக்கா ஒரு கழுத்து நெரிப்பை உணர்ச்சியோடு வாசித்துத் தொலைக்க, தங்கை திடுக்கிட்டு விரலை ஊசிக்கடியில் கொடுத்துவிட்டாள். நகத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கிய ஊசியைப் பார்த்து மயக்கம் வந்தது என்னவோ அக்காவுக்குத்தான். அன்றிலிருந்து வாசிப்பிலும் கத்தரிக்கோல் போட ஆரம்பித்தாள். கண் ஒரு வரி முன்னால் ஓடும்; பயங்கரம் தென்பட்டால் வாய் அதை மாற்றிச் சொல்லிவிடும். அம்மா போனபின் தங்கையைத் தூக்கி வளர்த்தவள் அவள். முள் எடுத்து மீன் ஊட்டிய கைக்கு இது புதிய வேலை இல்லை.

அப்படி வாசித்ததில் ஒரு நாவல் தங்கைக்கு உயிர். அதன் நாயகன் நாயகியின் ஜன்னலுக்கு எதிரே மழையில் நிற்பான். அவளுடைய தோழிகளை ஒவ்வொருவராக விரட்டுவான், போனைப் பிடுங்கி வைத்துக்கொள்வான், கடைசியில் அவளை உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொள்வான். அச்சில் இருந்தது இவ்வளவும். அக்காவின் வாயில் வந்தது வேறு. அவள் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று போனை எடுத்து வைப்பான், அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று வாசலிலேயே காவல் நிற்பான். "இப்படி ஒருத்தன் எனக்குக் கெடைப்பானா?" என்று தங்கை பெருமூச்சு விட்டபோது அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது அவளுக்கு வயிறு எரிகிறது.

கிடைத்தான். கடைக்கு ஜிப்பும் பட்டனும் கொண்டுவந்து போடுகிறவன். பேச்சில் தேன் ஒழுகும். தங்கை வீட்டுக்குக் கிளம்பும் நேரம் பார்த்துத் தெருமுனையில் நிற்பான். அக்காவுக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. கல்யாணமாகாத அக்கா குறுக்கே நின்றால் பொறாமை என்பார்களே என்று வாயைத் திறக்காமல் இருந்துவிட்டாள். கல்யாணம் முடிந்ததும் அவன் மாப்பிள்ளை ஆனான், மரியாதையும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. தங்கை கடைக்கு வருவது நின்றது. போன் செய்தால் மாப்பிள்ளைதான் எடுப்பார். "அவ தூங்குறா," என்பார். எந்நேரமும் தூங்குகிற பெண்ணை அக்கா வளர்க்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் தங்கை வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். பழைய மிஷினின் முன்னால் உட்கார்ந்து சக்கரத்தைச் சும்மா தடவிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்ச நேரம்தான்க்கா. அவர் கார்ல இருக்கார்."

"உள்ள வரச் சொல்லேன்."

"வேணாம். நான் இங்க வர்றதே அவருக்குப் பிடிக்கல. என்மேல அவ்ளோ பாசம். வேலைக்குப் போனாக்கூட வெளிய பூட்டிட்டுத்தான் போவார்."

"நீ உள்ள இருக்கும்போதா?"

தங்கை தலையாட்டினாள். "அந்த நாவல்ல வர்றவர் மாதிரிதான்க்கா. பயமா இருக்கும்போதெல்லாம் அதத்தான் நெனச்சுக்குவேன். இதுவும் அன்புதான்னு."

அக்காவுக்குத் தலையில் இடி விழுந்தது போலிருந்தது. அலமாரியிலிருந்து அந்த நாவலை எடுத்து வாசிக்கத் தொடங்கினாள். இந்த முறை எதையும் கத்தரிக்கவில்லை. பூட்டு வந்தது, சாவி வந்தது. நாயகி கதவைப் பிறாண்டி நகம் பெயர்ந்தது. வெளியே நின்று அவன் அதைக் கேட்டு ரசித்ததும் வந்தது.

"அதுல அப்படி இல்லையே," என்றாள் தங்கை. "உனக்கு அவரைப் பிடிக்காது. அதான் நீயா சேத்துப் படிக்கிற."

அக்கா புத்தகத்தை அவள் மடியில் வைத்தாள். தங்கை வரிமேல் விரல் வைத்துப் படித்தாள். பக்கம் திரும்பத் திரும்ப முகம் வெளிறிக்கொண்டே வந்தது.

"ஏன்க்கா மாத்தின?"

"உனக்கு வலிக்கக் கூடாதுன்னுதான்டி."

வெளியே ஹாரன் அடித்தது. தங்கை பதறி எழுந்தாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதடி. இங்கயே இரு. அந்த ஆள நான் பாத்துக்கறேன்."

"கடைசியில அவ வெளிய வந்துடுறாளாக்கா?"

பழைய வாய் தயாராகத்தான் இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை, முகம் தெளிந்துவிடும்.

"இல்லடி," என்றாள் அக்கா. "கடைசிவரைக்கும் கதவை யாரும் தொறக்கல. அதனாலதான் சொல்றேன், போகாத."

மறுபடியும் ஹாரன் அடித்தது, இந்த முறை நீளமாக. தங்கை புத்தகத்தை மூடி மிஷின்மேல் வைத்தாள். அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் கையிலிருந்து விலக்கினாள். அதில் கோபம் கொஞ்சமும் இல்லை.

"நீ முன்ன வாசிச்சதே எனக்குப் போதும்க்கா," என்றாள். "நான் அதுலயே இருந்துக்கறேன்."

அக்கா செருப்புகூடப் போடாமல் பின்னால் ஓடினாள். அதற்குள் தங்கை காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றியிருந்தாள்.