வாழைக்கன்று கட்டிய வண்டி

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்டில் ஏறி உட்கார்ந்த உமாதேவிக்குத் தோப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. முன்தூண் இரண்டிலும் தழையத் தழைய வாழைக்கன்று, நடுவில் சாமந்தி மாலை. சின்னமனூரிலிருந்து கேரளாவுக்கு வாழைக்காய் அனுப்புகிற குளிர்கிடங்கு அது. அறைக்கதவைத் திறந்ததும் குளிர் வெண்புகையாக வந்து இலைகளுக்குள் நுழைந்தது. பச்சை வெளிச்சம் அவள் மடியில் ஆடியது. வேலைக்கு வந்தோமா கனாக் காண வந்தோமா என்று அவளுக்கே தெரியவில்லை. பாழாய்ப்போன சுகம்!

அந்தச் சுகத்தில்தான் வண்டியை நகர்த்தினாள். இலைக்கு அந்தப்பக்கம் ஒரு அலறல். பதறிப்போய் பிரேக்கை மிதித்தாள். வாழைத்தாரிலிருந்து சீப்பு வெட்டுகிற ஞானசெல்வி, தினமும் அவளோடு சோற்றைப் பங்குபோட்டுச் சாப்பிடுகிறவள், சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். வண்டியின் இரும்புக் கை அவள் காலுக்கு ஒரு சாண் முன்னால்.

“இலைக்குள்ள என்னத்தடி பாத்த?” என்றாள் ஞானசெல்வி.

அதற்கப்புறம் ரிவர்ஸில்தான் ஓட்டினாள். கழுத்து கடுத்தது. கொல்லாமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

முதலாளி சுயம்புலிங்கம் வந்துவிட்டார். “என்ன ஆத்தா, தேரா இழுக்குற? நேரா ஓட்டு. கொச்சி லாரி நிக்குது.”

“முன்ன ஆள் தெரியல மொதலாளி. கன்ன அவுத்துருவோம்.”

“அடி ஆத்தீ! கட்டுன கன்னு தானா காயணும். பச்சையா அவுத்தா யாவாரம் வெளங்குமா?”

உமாதேவி இறங்கிச் சாவியை அவர் கையில் வைத்தாள். “அப்ப நீங்களே ஓட்டுங்க. எனக்குப் பயமா இருக்கு.” சொல்லிவிட்டாளே தவிர, இந்த வேலையும் போனால் அவளுக்கு வேறு போக்கிடமில்லை.

அவருக்கோ ஓட்டத் தெரியாது. சாவியைத் திருப்பித் தந்தார். “நான் முன்ன நடக்கேன். என் கையப் பாத்து வா.”

“ஓரமா நடங்க. கை மறைஞ்சா நிறுத்திருவேன்.”

ஓரமாக நடப்பாரா? முதலாளியாயிற்றே, நட்டநடுவில் நடந்தார். அடுத்த பெட்டி அடுக்கை எடுக்க வெறும் வண்டியோடு அவள் பின்னால் ஊர்ந்தாள். இலைநுனிக்கு மேலே மோதிரம் போட்ட ஒரு கை மட்டும் புகையில் மிதந்து, வா வா என்றது. யார் கை, எங்கே கூப்பிடுகிறது என்பதெல்லாம் மறந்துபோகும் போலிருந்தது.

கை காணாமல் போனது.

நிறுத்தினாள். லாரிக்காரன் ஹாரன் அடித்து, “சேச்சி, வேகம்!” என்று கத்தினான். கத்தட்டும். பிரேக்கில் வைத்த காலை அவள் எடுக்கவில்லை.

“மொதலாளி!”

தரையோடு தரையாக ஒரு குரல்: “வழுக்கிருச்சு ஆத்தா... இங்கனதான் கெடக்கேன். அசையாத.”

சீப்பு வெட்டுகிற கத்தியோடு ஞானசெல்வி ஓடிவந்தாள். யாரையும் கேட்கவில்லை. ஒரே வீச்சு, கன்று சரிந்தது. இரண்டு இரும்புக் கைகளுக்கும் நடுவே காலை நீட்டிச் சுயம்புலிங்கம் ஈரத்தில் உட்கார்ந்திருந்தார். ஞானசெல்வியைத் தடுக்கத் தூக்கிய அவர் கை, இருபக்கமும் இரும்பைப் பார்த்ததும் பாதியிலேயே நின்றுவிட்டது.