ஆடிக் காட்டக் கூடாது

பஸ் ஓட்டுகிற அந்த அம்மாள் நடனப் பள்ளிக்கு வருவதை நிறுத்தியதும், முட்டி வலியாம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பள்ளியை நடத்துகிற டீச்சரக்காவும் அதையே நம்பினாள். அப்படி நம்புவது அவளுக்கு வசதியாகவும் இருந்தது.

பள்ளி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு காலத்தில் டயர் கிடங்காக இருந்த கூடம். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, மூலையில் ஒரு ஸ்பீக்கர். பகலெல்லாம் மருந்துக்கடையிலும் சலூனிலும் நின்று கால் கடுத்தவர்கள் சாயங்காலம் வந்து ஆடுவார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம், வயசும் உடம்பும் தடையில்லை என்று டீச்சரக்கா வாசலில் எழுதியே மாட்டியிருந்தாள். எழுதி மாட்டுவதில் என்ன கஷ்டம், ஒரு ஆணி போதும்.

கூடத்துக்குப் பெருமை அதன் மரத்தரை. போட்டவன் அவளுடைய தம்பி, தச்சு வேலை செய்கிறவன். கூலி வாங்காமல், தன் வேலை முடிந்த நேரத்தில் வந்து, பலகை பலகையாக இழைத்துத் திருகாணி போட்டு முடுக்கியிருந்தான். எவ்வளவு குதித்தாலும் கால் வலிக்காது. அங்கே எல்லோரையும்விட நன்றாக ஆடுகிறவனும் அவன்தான். ஆனால் அவன் பேர் வாங்கியது வேறொன்றில். மற்றவர்கள் தப்பாக ஆடுவதை அச்சு அசலாக ஆடிக் காட்டுவான்.

வகுப்பு முடிந்து எல்லோரும் செருப்பு மாட்டுகிற நேரத்தில் அந்தக் கச்சேரி ஆரம்பிக்கும். சுற்றும்போது மூக்குக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும் மருந்துக்கடைக்காரர் வருவார். வாயை அசைத்துத் தாளம் எண்ணும் சலூன்காரர் வருவார். கூடமே வயிறு குலுங்கச் சிரிக்கும். ஆடிக் காட்டப்பட்டவரும் சேர்ந்து சிரிப்பார். வேறென்ன செய்ய முடியும், முறைத்தால் விளையாட்டுப் புரியாதவர் என்ற பட்டம் அல்லவா கிடைக்கும்?

டீச்சரக்கா ஒருநாள் அந்த அம்மாள் ஓட்டும் பஸ்ஸிலேயே ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போனாள். எல்லோரும் இறங்கி, இன்ஜினும் அணைந்த பிறகு முன்னால் போய் நின்றாள்.

"முட்டி எப்படி இருக்குக்கா?"

"முட்டிக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கு." அந்த அம்மாள் பஸ்ஸின் முன் கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்தாள். "அன்னைக்குப் பையை மறந்துட்டுத் திரும்பி வந்தேன் டீச்சர். உங்க தம்பி நாற்காலியில உக்காந்து, ஸ்டியரிங்கைத் திருப்பற மாதிரி கையைச் சுத்திக்கிட்டே என்னை மாதிரி ஆடிக்கிட்டிருந்தார். இடுப்பை அப்படியே இறக்கி வச்சு."

டீச்சரக்கா பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போயி கண்ணாடி முன்னாடி ஆடிப் பாத்தேன். அவர் செஞ்சது சரிதான். அப்படித்தான் ஆடறேன். ஆனா அதுக்கப்புறம் பாட்டு கேட்டாக் கால் எழும்ப மாட்டேங்குது." கொஞ்சம் நிறுத்தி, குரலை உயர்த்தாமல் சொன்னாள். "அன்னைக்கு நீங்களும்தான் சிரிச்சீங்க."

டீச்சரக்காவுக்குச் சுருக்கென்றது. சிரித்தது உண்மை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"சிரிச்சேன். தப்புதான், மன்னிச்சிருங்க. இனிமே அது அங்க நடக்காது. நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி, நடக்காது."

அடுத்த வகுப்பில் பாட்டுப் போடுவதற்கு முன்பே டீச்சரக்கா நடுவில் வந்து நின்றாள். "இனிமே இங்க யாரும் யாரையும் ஆடிக் காட்டக் கூடாது. விளையாட்டுக்குக்கூட."

தம்பி பின்னாலிருந்து அவளைப் போலவே இடுப்பில் கை வைத்து, கழுத்தை நீட்டி, வாயை மட்டும் அசைத்தான். நாலு பேர் சிரிப்பை அடக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. கண்ணாடிச் சுவரில் எல்லாம் அவளுக்குத் தெரிந்தது.

"நீ வெளிய போ."

அவன் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்ததும் முகம் மாறியது. "நான் போட்ட தரையில நின்னுக்கிட்டு என்னையே வெளிய போகச் சொல்றியாக்கா?"

"அப்போ தரையைக் கழட்டி எடுத்துட்டுப் போ. நாங்க சிமெண்டுல ஆடிக்கிறோம்."

அன்றிரவே அம்மா போன் செய்தாள். கூடப் பிறந்தவனை ஊர் முன்னால் அவமானப்படுத்தினாயாமே என்று ஒரு மூச்சு அழுதாள். "அவன் மத்தவங்களைப் பண்ணினதைத்தாம்மா அவமானம்னு சொல்றேன்" என்றாள் டீச்சரக்கா. அம்மாவுக்கு அது காதில் ஏறவில்லை. பெற்றவளுக்குக் கடைக்குட்டி செய்வதெல்லாம் விளையாட்டுதான்.

காலையில் தம்பி முறுக்கிக்கொண்டு கருவிப் பெட்டியோடு வந்து சேர்ந்தான். அக்கா கெஞ்சுவாள், தான் பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுக்கலாம் என்பது அவன் கணக்கு. அவளோ தானும் ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு எதிர் மூலையில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் பேசாமல் கழற்றினார்கள். மனசு அவளுக்கு வலிக்கத்தான் செய்தது. ஒவ்வொரு பலகையையும் அவன் எப்படித் தடவித் தடவி இழைத்தான் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள். ஆனாலும் கை நிற்கவில்லை. பாதித் தரை சுவரோரம் ஏறிய பிறகு அவன்தான் வாயைத் திறந்தான்.

"நீயும்தானேக்கா சிரிச்சே?"

"ஆமா. அதனாலதான் நானும் சேர்ந்து கழட்டறேன்."

அவன் மீதியையும் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். சாயங்காலம் வந்தவர்கள் வெறும் சிமெண்டைக் காலால் தட்டிப் பார்த்தார்கள். அவள் ஒன்றும் நடக்காதது போலப் பாட்டைப் போட்டாள். குதிகால் கொதித்தது. இரண்டு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் தடித்த காலுறை மாட்டிக்கொண்டு வந்தார்கள். செருப்பு மாட்டும் நேரத்தில் யாரும் யாரையும் ஆடிக் காட்டவில்லை. மருந்துக்கடைக்காரர் சுற்றும்போது கண்ணாடியைப் பிடித்துக்கொள்வதை ஒளிக்காமல் பிடித்துக்கொண்டார்.

தரை போன கதை சலூன் வழியாக ஊரெல்லாம் சுற்றி பஸ்ஸிலும் ஏறியிருக்க வேண்டும். ஒரு சாயங்காலம் அந்த அம்மாள் யூனிஃபார்மோடு வந்து, குனிந்து சிமெண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இரண்டாவது வரிசையில் நின்றாள். அதற்கு அடுத்த வாரம் வாசலில் தம்பி. கையில் பெட்டி இல்லை, வாயில் சிரிப்பும் இல்லை.

"அக்கா, நான் ஆட வரலாமா?"

ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து உள்ளே இழுக்கவேண்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது. "என்னைக் கேக்காதே" என்றாள். "அவங்களைக் கேளு."

அவன் அந்த அம்மாள் முன்னால் போய் நின்றான். எத்தனையோ பேரின் உடம்பைத் தன் உடம்பில் ஏற்றிக் காட்டியவனுக்குத் தன் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "தப்புப் பண்ணிட்டேன்மா" என்றான். "மன்னிச்சிருங்க."

அந்த அம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "மன்னிக்கிறதைப் பத்தி அப்புறம் பாப்போம். ஆடணும்னா ஆடுங்க. ஆனா எனக்கு முன்னாடி நில்லுங்க. இனி நான் உங்களைப் பாக்கணும்."

அவன் முன் வரிசைக்குப் போனான். பாட்டு தொடங்கியது. முதுகில் அவள் பார்வை ஊன்றியிருக்க, தாளம் தவறியே அறியாதவனுக்கு மூன்றாவது அடியிலேயே கால் பின்னியது. தடுமாறிக் கையை ஊன்றினான். காது சிவந்துவிட்டது. எழாமல், கண்ணாடிச் சுவரில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அந்த அம்மாள் முகத்தையும் பார்த்தான்.

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

"மறுபடியும் முதல்லேர்ந்து" என்றாள் டீச்சரக்கா, எல்லோருக்கும் சொல்வது போலவே.