அடுக்களை வழியாகப் போன கார்டு

முருகன்குறிச்சியில் ஜெபமணி வீட்டு முன்னறையில் முப்பத்துநாலு வருஷமாக ஒரு டிமினிஷ்ட் கார்டு, அடுத்த சுரக்கூட்டுக்குப் போகாமல் முடியாத சுரக்கூட்டு, நின்றுகொண்டிருந்தது.

அதை விட்டுப் போனவன் தம்பி கிருபாகரன். ஒரு மத்தியானம் ஆர்மோனியத்தில், இடையிடையே இரண்டு கட்டை விட்டு, நாலு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினான். விரல் அடுத்த கார்டுக்கு நகர்வதற்குள் தபால்காரர் கூப்பிட்டார். கப்பல் வேலைக்கு உத்தரவு. சாயங்கால ரயிலிலேயே கிளம்பிவிட்டான்.

வீடு பழகிக்கொண்டது. முன்னறையில் யாரும் நாற்காலியில் சாய்வதில்லை, நுனியில்தான் உட்கார்வார்கள். ஜெபமணியைப் பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்களும் நுனியிலேயே இருந்துவிட்டு, "சொல்லியனுப்புதோம்" என்று எழுந்து போயின. அவளுக்கு வருத்தமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்தால் அந்த மத்தியானம் அப்படியே இருக்கும். அம்மா குழம்பு தாளிக்கிற வாசமும் தம்பியின் இருபத்திரண்டு வயதும் கார்டுக்குள் கெடாமல் கிடந்தன. சனிக்கிழமைகளில் அதற்குத் தூசி தட்டுவாள்.

போன மாதம் கிருபாகரன் வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. செருப்பைக் கழற்றும்போதே காதைச் சாய்த்தான்.

"இன்னும் நிக்குதாக்கா? முடிச்சிருவமா?"

"எந்தப் பாட்டுக்குல போட்ட?"

"மறந்துபோச்சு. ஆனா பரவால்ல. நாலு சுரத்துக்கும் நடுவுல ஒரே தூரம். எதைத் தலைச்சன்னு சொன்னாலும் மத்த மூணும் ஒத்துக்கிடும். அதனால நாலு வழியிலயும் போகும். எந்த வழின்னு நீ சொல்லு."

அவள் ஒவ்வோர் அறையாகப் போய் நின்று கேட்டாள். முன்னறையிலிருந்து நாலு சுரமும் அறைக்கொன்றாகப் பரவிக் கிடந்தன. எந்த அறையில் நின்றாளோ அந்த அறைச் சுரம் மூத்ததாகக் கேட்டது. எல்லா அறையிலும் ஏதோ ஒன்று இப்போது வந்துவிடும் போலிருந்தது.

"முடிச்சிட்டா அப்புறம் நீ வரமாட்டல்லா?"

"இது இருந்தப்பவும் நான் வரலியேக்கா."

அவள் அடுக்களையில் போய் நின்றுகொண்டு, "இங்கன இருந்து விடு" என்றாள்.

கிருபாகரன் துருத்தியை அசைத்தான். அடுக்களைச் சுரத்தை ஒரு கட்டை மேலே ஏற்றினான். மற்றவை அதனதன் பக்கத்தில் இடம் பார்த்து அமர்ந்தன. கார்டு முடிந்தது; வீடு நிறைய அமைதி தேங்கியது. தாளிப்பு வாசம் ஜன்னல் வழியாக வெளியே போனது. ஜெபமணி சுவரில் நெற்றியை வைத்து அழுதாள். அவன் துருத்தியை மெல்ல மடித்துக்கொண்டிருந்தான். அப்புறம் அவள் முகத்தைக் கழுவிவிட்டு அவனுக்குச் சோறு போட்டாள்.

சாப்பிட்ட கை காய்வதற்குள் எதிர்வீட்டுப் பரிமளா வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, விருந்தாளுக வந்திருக்காவ. ஒங்க வீட்டுல அமைதி இருக்காமே. ஒரு டம்ளர் தாங்களேன், நாளைக்குத் தந்திருதேன்."

ஜெபமணி டம்ளரை வாங்கி, தலைதட்டாமல், கூம்பாக அளந்து கொடுத்தாள்.